கேட்டால்தான் அவுட்: ஆடுகளத்தில் மதகுருக்கள்

ஜல்லிக்கட்டில் முதலில் அவிழ்த்துவிடப்படுவது கோயில் காளை. அன்னமங்கலம், திருமானூர் என்று பெரம்பலூர், அரியலூர் பக்கம் மாடுபிடி நடக்கும் ஊர்களில் இதுதான் முறை. கழுத்தில் மாலை, நெற்றியில் சந்தனம், கொம்பில் சுற்றிய துண்டு என்று வாடிவாசலைத் தாண்டி வரும் அந்தக் காளையை யாரும் தொடுவதில்லை. வீரர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி நிற்பார்கள், சிலர் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அது போன பிறகே ஆட்டம் தொடங்கும். காளைக்கு அந்த மரியாதை சரி. அது ஆட வரவில்லை, ஊர் சாமியின் பெயரால் வருகிறது. ஆட வந்த மனிதருக்கும் இதையே நாம் செய்கிறோம் என்பதுதான் என் கவலை. மாலை ஐந்து மணிக்கு மட்டையோடு வந்து நிற்கும் பங்குத்தந்தையையும், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கால்பந்துக்கு இறங்கும் இமாமையும் கோயில் காளையாக்கி வழிவிட்டு நிற்கிறோம்.

மதகுருவை விளையாட்டில் சமமாக நடத்தலாமா, கூடாதா? நடத்தினால் அவருக்கும் ஊருக்கும் என்ன ஆகும்? மத நூல்கள் இதைப் பற்றி என்ன சொல்கின்றன, வெளியூர்களில் என்ன செய்து பார்த்திருக்கிறார்கள்? கேட்பவர்கள் பலர் இதைச் சின்ன விஷயம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் ஊர்களில் மதகுருவிடம் ஒருவர் நேருக்கு நேர் 'இல்லை, நீங்கள் சொல்வது தவறு' என்று சொல்லக்கூடிய இடம் அநேகமாக வேறெதுவும் இல்லை. விளையாட்டு மைதானம் ஒன்றுதான் மிச்சம். அதையும் மூடிவிட்டால் அவர் காதில் உண்மை விழ வழியே இல்லாமல் போகும்.

கிராமத்து கிரிக்கெட்டை எடுத்துக்கொள்வோம். மக்காச்சோளம் அறுத்த காட்டிலோ, கோடையில் வற்றிய ஏரியிலோ களம். டென்னிஸ் பந்து, நடுவில் உருட்டி மட்டமாக்கிய ஒரு துண்டு நிலம், எல்லைக்கு சுண்ணாம்புக் கோடு. அம்பயர் பெரும்பாலும் பேட்டிங் அணியிலிருந்தே வருவார். எல்பிடபிள்யூ கிடையாது. ஃபாதர் ஆடுகிறார். மட்டையின் ஓரத்தை உரசிய பந்து கீப்பர் கையில் போய் விழுகிறது. சத்தம் மிட்விக்கெட் வரை கேட்டிருக்கிறது. கீப்பர் பந்துவீச்சாளரைப் பார்க்கிறான், அவன் காலணியைச் சரிசெய்ய குனிந்துகொள்கிறான். ஸ்லிப்பில் நிற்பவன் வானத்தைப் பார்க்கிறான். அடுத்த பந்து போடப்படுகிறது. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் விதியை மீறவும் இல்லை. கிரிக்கெட் விதி 31 சொல்வது இதுதான்: ஃபீல்டிங் அணியில் யாராவது கேட்டால் ஒழிய, அம்பயர் ஒருவரை அவுட் கொடுக்க முடியாது, அவர் உண்மையிலேயே அவுட்டாக இருந்தாலும்கூட. உலகத்தின் எல்லா மைதானங்களிலும் தொண்டை கிழியக் கத்தப்படும் அந்தக் கேள்வி, நம் ஊரில் சாமியின் முன்னால் மௌனமாகிவிடுகிறது. மரியாதை இங்கே ஒரு செயலாகக்கூட வருவதில்லை. கேட்காமல் இருப்பதுதான் மரியாதை.

அந்த மௌனத்துக்கு விலை உண்டு, அதைக் கொடுப்பவர்களும் உண்டு. முதலாவது, நன்றாகப் பந்து போட்ட அந்தப் பையன். அவனுடைய விக்கெட் போய்விட்டது. போனதைச் சொல்லவும் முடியாது. இரண்டாவது, கரையில் உட்கார்ந்து பார்க்கும் சின்னப் பிள்ளைகள். யாருக்கு எந்த விதி என்பதை அவர்கள் பாடப்புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே அங்கே படித்துவிடுகிறார்கள். மூன்றாவது, மட்டை பிடித்து நிற்கும் குரு. பந்து உரசியது அவர் கைக்குத் தெரியும். அவரே நடந்து வெளியேறினால் நல்லது. பலர் அப்படி வெளியேறுவதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அது அவருடைய நேர்மையின் மேல் பாரத்தைப் போடுவது. விதி சுமக்க வேண்டியதை அவர் மனசாட்சி மட்டும் ஏன் சுமக்க வேண்டும்?

துறவிகளும் குருமார்களும் விளையாடலாமா என்பதே ஒரு காலத்தில் பெரிய கேள்வியாக இருந்தது. பாலி மொழியில் உள்ள பிரம்மஜால சூத்திரம், பிக்குகள் ஒதுக்க வேண்டிய விளையாட்டுகளைப் பட்டியலே போடுகிறது. கட்டம் போட்டு ஆடுவது, பகடை, நம் கிட்டிப்புள் போல நீளக் குச்சியால் குட்டைக் குச்சியை அடிப்பது எல்லாம் அதில் உண்டு. மனு நூல் சூதாட்டத்தை விலக்குகிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1917-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, குருக்கள் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களில் நேரத்தைக் கழிக்கக் கூடாது, வேட்டைக்கு அடிமையாகக் கூடாது என்றது. 1983-இல் வந்த புதிய தொகுப்பு அந்தப் பட்டியலைச் சுருக்கி, குருத்துவ நிலைக்குப் பொருந்தாதவற்றை விலக்குக என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திக்கொண்டது. இவற்றைச் சேர்த்து வாசித்தால் ஒன்று தெரிகிறது. பழைய தடைகள் பயந்தது சூதுக்கும் வீண்பொழுதுக்கும். பாமரனோடு சமமாக ஆடித் தோற்றுவிடுவாரே என்று எந்த நூலும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அந்தக் கவலை நம்முடையது.

தோற்பதைப் பற்றி நூல்கள் வேறு மாதிரி பேசுகின்றன. பாகவதத்தின் பத்தாம் கந்தத்தில் கண்ணனும் பலராமனும் ஆயர்பாடிப் பிள்ளைகளோடு இரண்டு அணியாகப் பிரிந்து ஆடுகிறார்கள். தோற்றவர் ஜெயித்தவரை முதுகில் சுமந்து பாண்டீரம் என்ற ஆலமரம் வரை போக வேண்டும் என்பது பந்தயம். கண்ணன் அணி தோற்கிறது. ஸ்ரீதாமன் என்ற இடையர் சிறுவனைக் கண்ணன் முதுகில் ஏற்றிச் சுமக்கிறான். பக்தர்கள் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக இதைப் படித்து உருகுகிறார்கள். ஸ்ரீதாமன் 'நீ சாமி, நான் ஏற மாட்டேன்' என்று மறுத்திருந்தால் அந்த லீலையே நடந்திராது. முதுகில் ஏறியதால்தான் அவன் தோழன்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் அள்பா என்று ஓர் ஒட்டகம் இருந்தது. ஓட்டத்தில் அதை யாரும் முந்தியதில்லை. ஒருநாள் ஒரு கிராமத்து அரபி தன் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். தோழர்களுக்கு அது தாங்க முடியாத வருத்தமாக இருந்தது. அந்த வருத்தத்தைக் கண்டுகொண்ட நபிகள், இவ்வுலகில் உயர்ந்து நிற்கும் எதையும் தாழ்த்துவது இறைவனுக்கு உரியது என்ற பொருளில் சொன்னதாக புகாரி நூல் பதிவு செய்கிறது. அந்தக் கிராமத்தார் மீது யாரும் பாயவில்லை. பந்தயத்தை மறுபடி வைக்கச் சொல்லவுமில்லை. தோற்றவர் அமைதியாக இருக்க, கூட இருந்தவர்கள்தான் கலங்கினார்கள் என்பது நம் மைதானங்களிலும் அப்படியே நடக்கிறது. அபூதாவூத் நூலில் இன்னொரு செய்தி: நபிகளும் துணைவியார் ஆயிஷாவும் ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். முதலில் ஆயிஷா வென்றார், சில காலம் கழித்து நபிகள் வென்றார்.

கிறிஸ்தவத்தில் இந்தக் கேள்வியை வேறு யாரையும்விட ஆழமாக யோசித்தவர் என்று நான் கருதுவது டான் போஸ்கோவை. 1815-இல் இத்தாலியின் வடக்கே ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் கயிற்றில் நடந்து வித்தை காட்டி, கூட்டம் சேர்த்து ஜெபம் சொல்ல வைத்தவர். குருவான பிறகு தூரின் நகரத்தின் தெருப்பிள்ளைகளைக் கூட்டி, அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்களோடு ஓடினார். 1884 மே 10-ஆம் தேதி உரோமையிலிருந்து தம் சபையாருக்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் அந்தச் சலேசிய சபையினர் திரும்பத் திரும்பப் படிக்கும் ஒன்று. கனவு கண்டதாக அதில் சொல்கிறார். கனவில் இரண்டு மைதானங்கள். பழைய மைதானத்தில் குருக்களும் பிள்ளைகளும் கலந்து ஓடுகிறார்கள், சிரிப்பு, கூச்சல். புதிய மைதானத்தில் பிள்ளைகள் சுவரில் சாய்ந்து நிற்கிறார்கள்; குருக்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு உலவுகிறார்கள், அல்லது தூரத்திலிருந்து கண்காணிக்கிறார்கள். எது மாறியது என்று கேட்கிறார் போஸ்கோ. வகுப்பில் மட்டும் காணப்படும் ஆசிரியர் வெறும் ஆசிரியர்தான், விளையாட்டில் சேர்ந்துகொண்டால் சகோதரர் ஆகிவிடுகிறார் என்பது அந்தக் கடிதத்தின் சாரம். அவர் அதோடு நிற்கவில்லை. மேலதிகாரி என்ற நினைப்பு வந்தவுடன் அன்பு போய் பயம் வந்து உட்காருகிறது, நம்பிக்கை போய்விடுகிறது என்று வேதனையோடு எழுதுகிறார். குருவை மைதானத்தில் சமமாக நடத்துவது ஊர் அவருக்குக் காட்டும் பெருந்தன்மை என்று நாம் நினைக்கிறோம். அது அவருடைய ஊழியமே என்று போஸ்கோ நினைத்தார்.

சலேசியர்கள் 1906-இல் தஞ்சாவூருக்கு வந்தார்கள். அரியலூர் மாவட்டத்து வரதராசன்பேட்டையில் இன்றும் டான் போஸ்கோ மேல்நிலைப்பள்ளி இருக்கிறது. ஆண்டிமடம் போகும் வழியில் முந்திரித் தோப்புகளுக்கு நடுவே உள்ள ஊர், பக்கத்திலேயே தென்னூர். இங்கே குருக்களைப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். ஜெபம், பள்ளி, திருவிழா என்று அவர்களுடைய நாள் முழுவதும் குருக்களைச் சுற்றியே ஓடுகிறது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பெரும்பாலான பங்குகள் 1899-இல் உருவான கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. அந்தப் பங்குகளுக்கு வரும் குருக்கள் எல்லாருமே குருமடத்தில் ஆண்டுக்கணக்கில் மாலை விளையாட்டு நேரத்தில் வாலிபாலும் கால்பந்தும் ஆடிப் பழகியவர்கள். அங்கே ஒருவரை ஒருவர் தள்ளி விழ வைத்திருக்கிறார்கள், ஃபவுல் என்று சண்டை போட்டிருக்கிறார்கள். குருப்பட்டம் பெற்று பங்குக்கு வந்த மறுநாள் அதே மனிதர் சிறப்பு விருந்தினர் ஆகிவிடுகிறார். முதல் பந்தை அவருக்கு மெதுவாக உருட்டிப் போடுவோம், அவர் தட்டிவிட்டதும் கைதட்டுவோம், போட்டோ எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார வைத்துவிடுவோம். மதரசாவில் படித்து வந்த இமாம்களுக்கும் இதே கதைதான். அஸர், மக்ரிப் தொழுகைகளுக்கு இடையே கிடைத்த நேரத்தில் ஓடியாடியவர்கள், லப்பைக்குடிக்காடு போன்ற ஊர்களுக்கு ஹஜ்ரத்தாக வந்ததும் கரையில் நிற்பவர்களாகிறார்கள். இருபத்தாறு, இருபத்தேழு வயது இளைஞரிடமிருந்து ஊர் முதலில் பிடுங்கிக்கொள்வது அவருடைய விளையாட்டைத்தான்.

இதே அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடக் கரையோரம் ஏலாக்குறிச்சி இருக்கிறது. அடைக்கல மாதா கோயிலை எழுப்பிய வீரமாமுனிவர் (1680–1747) வாழ்ந்த ஊர். அவர் தமிழ்த் துறவி போல உடுத்தி, பல்லக்கில் போய்வந்தார் என்று பழைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. அன்றைய தமிழகத்தில் ஒரு குருவை ஊர் மதிக்க அந்தப் பரிவாரம் தேவைப்பட்டது. ஆனால் பல்லக்கில் போன அதே மனிதர்தான் பரமார்த்த குருவின் கதையை எழுதினார். குதிரையிலிருந்து குரு குழியில் விழுகிறார். விழுந்ததை எல்லாம் எடுக்க வேண்டும் என்று ஓலையில் எழுதியிருந்த பட்டியலைப் பார்த்து சீடர்கள் தலைப்பாகையை எடுக்கிறார்கள், வேட்டியை எடுக்கிறார்கள். குருவின் பெயர் பட்டியலில் இல்லாததால் அவரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். மறுத்துப் பேசத் தெரியாத சீடர்களிடம் மாட்டிக்கொண்ட குருவின் கதி அது. நம் மண்ணில் வாழ்ந்த ஒரு குருவே குருபக்தியின் இந்த ஆபத்தைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். மைதானத்தில் கேட்க வாய் திறக்காத நம் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சீடர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

இன்னொரு துறவியையும் இங்கே சொல்ல வேண்டும். 1897-இல் சென்னையில் பேசிய விவேகானந்தர், கீதை படிப்பதைவிடக் கால்பந்து ஆடினால் இளைஞர்கள் சொர்க்கத்துக்கு இன்னும் கிட்டே போவார்கள் என்றார். பலமற்ற உடம்பால் கீதையைப் புரிந்துகொள்ள முடியாது என்பது அவர் வாதம். தமிழ்நாட்டில் சொல்லப்பட்ட இந்த வார்த்தையை நாம் போஸ்டரில் போடுகிறோமே தவிர, எந்த மடத்திலும் பின்பற்றிப் பார்ப்பதில்லை.

நாட்டார் வழிபாட்டுக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. ஊர்ச் சாமிக்குப் பூசை செய்யும் பூசாரி அந்த ஊர்க்காரர்தான். பெரும்பாலும் வெங்காயமோ பருத்தியோ போட்ட சம்சாரி. கபடி ஆடும் பையன்களுக்கு அவர் மாமன், சித்தப்பன், மச்சான். காப்பு கட்டினால் அவர் வேறு ஆள். செருப்புப் போட மாட்டார், வெளியே சாப்பிட மாட்டார், அவர் முன்னால் யாரும் சத்தம் போட மாட்டார்கள். அருள் வந்து ஆடும்போது ஊரே அவர் காலில் விழும். திருவிழா முடிந்து காப்பு அவிழ்த்த பிறகு, மறுவாரம் அதே பையன்கள் அவரைக் கபடிக் களத்தில் இடுப்பைப் பிடித்துக் கீழே சாய்ப்பார்கள். யாருக்கும் அதில் குழப்பம் இல்லை. புனிதம் எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்று காப்புக் கயிறு சொல்லிவிடுகிறது. சட்டத்தாலோ மறைக்கல்வியாலோ வராத ஒரு தெளிவு அந்தக் கயிற்றில் இருக்கிறது. பெரிய மதங்கள் நம் கிராமத்தில் கற்றுக்கொள்ள இது ஒன்று போதும். திருப்பலி நேரத்தில் ஃபாதர் ஃபாதர்தான், ஜும்ஆவில் ஹஜ்ரத் ஹஜ்ரத்தான். டாஸ் போட்டதிலிருந்து கடைசி விசில் வரை அவர்கள் ஓப்பனர், கோல்கீப்பர், ரெய்டர்.

எல்லா விளையாட்டும் இதில் ஒன்று போல இல்லை. ஷட்டில் எளிது. நடுவில் வலை இருக்கிறது, யாரும் யாரையும் தொடுவதில்லை. விடியற்காலையில் உள்ளரங்கில் டாக்டர், வங்கி மேலாளர், பாஸ்டர் என்று ஜோடி சேர்ந்து ஆடிவிட்டுப் போகிறார்கள். அங்கே ஒரே பிரச்சினை, கோட்டில் விழுந்த இறகுப்பந்து உள்ளேயா வெளியேயா என்பது, அதையும் விட்டுக்கொடுத்துவிடுவார்கள். கால்பந்தில் தோள் உரசும், தள்ளுமுள்ளு வரும். கடினமானது கபடி. ஏறி வருபவரின் கணுக்காலைப் பிடித்து இழுக்க வேண்டும், மேலே விழுந்து அமுக்க வேண்டும். ரெய்டர் காலை நீட்டி எதிரணி ஆளைத் தொட வேண்டும். தெரியாமல் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் ஊர் நம்முடையது. அங்கே பெரியவர் ஒருவர் நெஞ்சில் காலால் தொட்டு பாயின்ட் எடுப்பது சாதாரண காரியம் இல்லை. அதனாலேயே மதகுரு ஒருவர் கபடிக் களத்தில் இறங்கினால் அவர் உண்மையிலேயே சமமாக வந்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். ஏழு பேர், முப்பது வினாடி, ஒரு மூச்சு. அங்கே ஒருவர் மரியாதைக்காகப் பிடியைத் தளர்த்தினால் பார்க்கிற எல்லாருக்கும் தெரிந்துவிடும். கிரிக்கெட்டில் போல மௌனத்தில் மறைக்க முடியாது.

வெளியுலகத்தில் இதைச் செய்து காட்டியவர்கள் உண்டு. இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் டேவிட் ஷெப்பர்ட் 1955-இல் ஆங்கிலிக்கன் சபையில் திருப்பணிக்கு அருட்பொழிவு பெற்றார். மறு ஆண்டே ஓல்டு டிராஃபோர்டில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 113 ரன் அடித்தார். 1962-63 ஆஸ்திரேலியப் பயணத்தில் அவர் சில கேட்சுகளைத் தவறவிட்டபோது சக வீரர்கள் விட்டுவைக்கவில்லை. ஜெபத்தில் கையைக் குவிப்பவருக்குப் பந்து வரும்போது குவிக்கத் தெரியவில்லையே என்ற மாதிரி ஃபிரெட் டிரூமன் கேலி செய்ததாக இன்றும் சொல்வார்கள். ஷெப்பர்ட் அதனால் சிறுத்துப் போகவில்லை; பின்னாளில் லிவர்பூல் ஆயராக இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார், ஏழைகளுக்காகப் பேசிய ஆயர் என்று பெயர் எடுத்தார். உரோமையில் 2007 முதல் குருக்களும் குருமாணவர்களும் ஆடும் கிளெரிகுஸ் கோப்பை கால்பந்து நடக்கிறது. அங்கே மஞ்சள், சிவப்போடு நீல அட்டையும் உண்டு. கோபப்படும் குருவை ஐந்து நிமிடம் வெளியே உட்கார வைக்க அது. குருக்களுக்கும் கோபம் வரும், தப்பாட்டம் ஆடுவார்கள் என்று வத்திக்கானுக்குப் பக்கத்திலேயே ஒப்புக்கொண்டு விதி எழுதியிருக்கிறார்கள். 2014 செப்டம்பரில் வத்திக்கானின் கிரிக்கெட் அணி கேன்டர்பரியில் இங்கிலாந்து திருச்சபை அணியோடு ஆடித் தோற்றது. அந்த வத்திக்கான் அணியில் பெரும்பாலோர் இந்தியா, இலங்கை, பாகிஸ்தானிலிருந்து போன குருமாணவர்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வெளிநாட்டில் முடிந்தது சொந்தப் பங்கில் ஏன் முடியவில்லை?

மதகுரு களத்தில் இறங்கினாலே சமத்துவம் வந்துவிடாது. வரலாறு இதற்கு எதிர்ச்சாட்சியும் வைத்திருக்கிறது. 1891-இல் ஸ்ரீநகரில் டின்டேல்-பிஸ்கோ என்ற ஆங்கிலேயப் பாதிரியார் தம் பள்ளியில் கால்பந்தைக் கொண்டுவந்தார். தோல் பந்தைத் தொட்டால் தீட்டு என்று பண்டிதர் வீட்டுப் பையன்கள் மறுத்தார்கள். அவர் பிரம்பை நீட்டி ஆட வைத்தார். இன்று காஷ்மீர் கால்பந்தின் தொடக்கம் என்று அதைக் கொண்டாடுகிறார்கள். தீட்டை உடைத்தது சரி. ஆனால் பிரம்பு வைத்திருப்பவர் ஒருபுறமும் பயந்து ஓடுபவர்கள் மறுபுறமும் இருந்த அந்த மைதானத்தைச் சமம் என்று என்னால் சொல்ல முடியாது. பூனாவில் தலித் வீரர் பல்வாங்கர் பாலூ பந்துவீசிய காலத்தில் கோட்டுக்கு உள்ளே அவர் இந்துக்கள் அணியின் பெரிய நம்பிக்கை; தேநீர் இடைவேளையில் அவருக்குத் தனியாக வெளியே மண்குவளையில் தேநீர். களத்தில் மட்டும் வந்த சமத்துவம் எவ்வளவு அரைகுறையானது என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று. நம் ஊர்களில் சாதிக்கு ஓர் அணி, தெருவுக்கு ஓர் அணி என்று இன்னமும் இருக்கிறது. ஃபாதர் எந்தத் தெரு அணியில் ஆடுகிறார் என்பதை ஊர் கவனிக்கும். ஒரே தெருப் பையன்களோடு மட்டும் ஆடிவிட்டு எல்லாரோடும் சமமாக இருக்கிறேன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. காலனிப் பையன்களின் ஏரிக்கரை மைதானத்துக்கும் அவர் மட்டையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

பெண்கள் இந்தப் பேச்சில் எங்கே? 2007-இல் ஓஸ்லோவில் கிறிஸ்தவக் குருக்களும் இமாம்களும் நட்புக் கால்பந்து ஆட ஏற்பாடாகியிருந்தது. பெண் குருக்கள் ஆடினால் ஆட மாட்டோம் என்றார்கள் இமாம்கள். சமாதானத்துக்காகப் பெண்களை விட்டுவிடலாம் என்று திருச்சபைத் தரப்பு ஒத்துக்கொண்டபோது அதன் அணித்தலைவரே எதிர்ப்புத் தெரிவித்து விலகினார். ஆட்டம் ரத்து. அந்தத் தலைவர் செய்ததே சரி என்பது என் துணிபு. இரண்டு மதத்து ஆண்கள் கைகுலுக்குவதற்காகப் பெண்களை வெளியே அனுப்பினால் அதற்கு நல்லிணக்கம் என்று பெயர் வைக்கக் கூடாது. நம் பள்ளிகளை நடத்தும் கன்னியாஸ்திரிகளில் எத்தனையோ பேர் படிக்கும் காலத்தில் ஓடியவர்கள், தாண்டியவர்கள். இன்று விளையாட்டு விழாவில் விசில் ஊதுவதோடு சரி. 2025-இல் கேரளத்து வயநாட்டைச் சேர்ந்த ஒரு சிஸ்டர், ஐம்பது வயதைத் தாண்டியவர், துறவற உடையிலேயே தடை தாண்டும் ஓட்டத்தில் ஓடித் தங்கம் வென்றபோது நாடே பார்த்தது. அவரோடு ஓடிய பெண்கள் அவருக்காக வேகத்தைக் குறைக்கவில்லை. அதுதான் அந்தத் தங்கத்தின் மதிப்பு.

எதிர்வாதங்களில் ஒன்றை நான் முழுமையாக ஏற்கிறேன். குரு சிறுவர்களோடு ஆடும்போது மைதானத்தில் சமம் என்று சொன்னாலும் அவர் கையில் உள்ள அதிகாரம் கரைந்துவிடுவதில்லை. பள்ளிச் சேர்க்கை, உதவித்தொகை, திருவிழாவில் யாருக்கு என்ன வேலை என்பதெல்லாம் ஆட்டம் முடிந்த பிறகும் அவர் கையில்தான். நெருக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியவர்கள் எல்லா மதத்திலும் இருந்திருக்கிறார்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், மத நிறுவனங்களின் நிர்வாகத்திலோ பணியிலோ இருப்பவர் அங்குள்ள குழந்தைக்கு இழைக்கும் குற்றத்தைச் சாதாரணக் குற்றத்தைவிடக் கடுமையானதாகவே வகைப்படுத்துகிறது. ஆகவே சிறுவர்களோடு ஆடுவது திறந்த மைதானத்தில், பெற்றோரும் ஆசிரியரும் பார்க்கும் இடத்தில் இருக்கட்டும். விளையாட்டு முடிந்ததும் தனியாக யாரையும் அழைத்துப் போக வேண்டாம். கேள்வி கேட்கப் பழகிய பிள்ளைதான் தப்பு நடந்தாலும் வாய் திறக்கும் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். சாமி அவுட் என்று கத்தப் பழகியவனால் வேறொன்றையும் சொல்ல முடியும்.

மரியாதை போய்விடும் என்ற வாதம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. அவுட்டான பிறகும் அவரை ஃபாதர் என்றுதான் கூப்பிடப் போகிறோம். 'ஃபாதர், அவுட்' என்று சொல்ல நம் வாயால் முடியும். ஹஜ்ரத்தைக் கீழே சாய்த்தவன் அடுத்த நொடி கை கொடுத்துத் தூக்கிவிடுவான். ஞாயிற்றுக்கிழமை மறையுரையில் அவர் மன்னிப்பைப் பற்றிப் பேசும்போது, சனிக்கிழமை ரன் அவுட்டான கோபத்தை அவர் எப்படி அடக்கினார் என்பதைப் பார்த்தவர்கள் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். அப்படிப்பட்டவர்களிடம் பேசுவது கஷ்டம். அவர் சொல்வதற்கு எடை வருவதும் அப்படிப்பட்டவர்களிடம்தான்.

மைதானங்களுக்கு நம் பக்கம் இன்னொரு தேவையும் இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டம் வி.களத்தூரில் கோயில் ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போவது என்ற வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய் 2021-இல் தீர்ப்பானது. தெருக்கள் யாருக்கு என்று நீதிமன்றம் சொல்ல வேண்டியிருக்கும் காலத்தில், எல்லார்க்கும் பொதுவான இடம் என்று மைதானம் ஒன்றை நாம் காப்பாற்றி வைக்க வேண்டும். அங்கே பூசாரியும் இமாமும் பாஸ்டரும் ஒரே அணியில் ஆடினால் அது ஒரு நாள் செய்தி. எதிரெதிர் அணியில் ஆடி, ஒருவர் மற்றவரைப் போல்டாக்கி, அடுத்த வாரமும் ஆட வந்தால் அது நீடிக்கும். 2023 முதல் விரிவாக நடக்கும் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் பள்ளி, கல்லூரி, அரசு ஊழியர், மாற்றுத்திறனாளிகள், பொதுப்பிரிவு என்று ஐந்து பிரிவுகள். மதகுருவுக்குத் தனிப்பிரிவு இல்லை. முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்ட ஒரு பங்குத்தந்தையோ இமாமோ ஆட விரும்பினால் பொதுப்பிரிவில் பொதுமக்களில் ஒருவராகத்தான் பெயர் கொடுக்க வேண்டும். அரசின் விதி இதில் நம் ஊர் வழக்கத்தைவிட நேராக இருக்கிறது.

பொங்கலுக்கும் பங்குத் திருவிழாவுக்கும் போட்டி நடத்தும் ஆட்டக் குழுக்களிடம் சில வேண்டுகோள்கள். குருவானவரைத் தானாக கேப்டன் ஆக்காதீர்கள். டீமில் இடம் உண்டா என்பதையும் ஆட்டத்தை வைத்துப் பாருங்கள். பந்துக்குக் காசு பிரிக்கும்போது அவர் பங்கையும் வாங்குங்கள். அவர் ஆடும் ஆட்டத்துக்கு வெளியூரிலிருந்து அம்பயர் கூட்டி வாருங்கள், பங்கு மக்களில் ஒருவரை அந்தச் சங்கடத்தில் நிறுத்தாதீர்கள். குருமார்களே, முதல் நாளே பையன்களைக் கூப்பிட்டு, நான் அவுட்டானால் கேளுங்கள் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லாமல் அவர்கள் கேட்க மாட்டார்கள். தம்பிகளே, அடுத்த முறை சாமியின் மட்டையை உரசிய பந்து உங்கள் கைக்கு வந்தால், குனிந்து காலணியைப் பார்க்காமல் கையைத் தூக்கிச் சத்தமாகக் கேளுங்கள்.